கத்தரிச்செடியைத் திட்டிய நாற்பத்தெட்டு நாள்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிறீங்களாம்மா? இந்த வாளியைக் கீழ வெச்சா பிரேக் போடுறப்போ சாஞ்சுடும், மடியிலயே வெச்சுக்கிறேன். இலை உங்க மேல உரசுதா? லேசா முள்ளு இருக்கும், பார்த்துக்குங்க. நாட்டுக் கத்தரி. பதினொரு காய் வந்துச்சு, நாலு பறிச்சாச்சு, ஏழு இருக்கு. கண்டக்டர் பார்த்துட்டு, "என்னம்மா, தோட்டத்தையே பேர்த்துக்கிட்டு வர்றீங்க?"ன்னு கேட்டாரு. தோட்டம் இல்லப்பா, இது சாட்சின்னேன். அவருக்குப் புரியல. உங்களுக்கும் புரிஞ்சிருக்காது. நீங்க தஞ்சாவூர்தானே? அப்ப சொல்லி முடிச்சுடலாம்.

எங்களுக்குத் திருச்சியில உறையூர். என் பேரு இந்திராணி. மொட்டைமாடியில முப்பது தொட்டி வெச்சிருக்கேன். என்னை மாதிரி மாடியில செடி வளர்க்கிறவங்கெல்லாம் சேர்ந்து வாட்ஸப்புல ஒரு குரூப்பு, 'மொட்டைமாடி நண்பர்கள்'னு. இருநூத்திப் பதினாலு பேரு. விதை வேணும்னா கேக்கலாம், பூச்சி வந்தா போட்டோ போட்டு மருந்து கேக்கலாம், அதுக்குத்தான் ஆரம்பிச்சது. ஆனா கையில போன் இருந்தா மனுஷங்க அத்தோட நிப்பாங்களா? வெண்டைக்காய்ல ஆரம்பிப்பாங்க, மத்தியானத்துக்குள்ள விண்வெளிக்குப் போயிடுவாங்க. செல்போன் டவரால சிட்டுக்குருவி செத்துச்சும்பாங்க ஒருத்தங்க. அமாவாசையில விதைச்சா முளைக்காதும்பாங்க இன்னொருத்தங்க. எனக்கு முளைச்சுதே, அதுவும் கீரை.

இப்படித்தான் ஒரு நாள் அம்சவேணி மேடம் ஒரு வீடியோ போட்டாங்க. அவங்க ஸ்ரீரங்கம், நல்ல மனசு, ஆனா வர்றதையெல்லாம் நம்பிடுவாங்க. அந்த வீடியோவுல ஒரு வெள்ளைக்காரர் ரெண்டு செடி வெச்சிருக்காரு. ஒண்ணைப் புகழ்றாரு, அது தளதளன்னு வளருது. இன்னொண்ணைத் திட்டுறாரு, அது வாடிப்போகுது. அம்சவேணி மேடம் கீழ எழுதிட்டாங்க, நம்ம முன்னோர்கள் இதை எப்பவோ சொல்லிட்டாங்கன்னு. உடனே குலசேகரன் சார் வந்துட்டாரு. காலேஜ்ல பிசிக்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவர். எது சொன்னாலும் ஆதாரம் கேப்பார். நாம குட்மார்னிங் போட்டா அதுக்கும் ஆதாரம் கேக்காம விடுறாரேன்னு சந்தோஷப்படணும். "செடிக்கு நரம்பே கிடையாது, மேடம். எந்த முன்னோர், எந்த நூல், எந்தப் பக்கம்?"னு கேட்டாரு.

அவ்வளவுதான், மூணு நாளா சண்டை, அடுப்புல வெச்ச பால் பொங்கினதுகூடத் தெரியல, எல்லாரும் போன்லயே இருக்கோம். செடிக்குக் காது கேட்டா அப்புறம் கீரையை எப்படி ஆயறதுன்னு ஒரு அம்மா அழுவாத குறை. கோயில் மணிச் சத்தத்துல துளசி நல்லா வளரும்னு ஒருத்தர். ஒரு பையன் ஏ.ஐ. கிட்டக் கேட்டு ஒரு முழ நீளத்துக்குப் பதில் போட்டான். படிச்சுப் பார்த்தா அது ரெண்டு பக்கமும் பேசுது, எங்க வார்டு கவுன்சிலர் தேவலை. கடைசியில ஓட்டெடுப்பு வெச்சாங்க. செடிக்குக் காது கேக்கும்னு அறுபத்தொரு பேர், கேக்காதுன்னு முப்பத்தெட்டு. கேக்கும் ஆனா புரியாதுன்னு எழுபத்தி நாலு பேர். நான் எதுக்கும் போடல. நான் எப்பவுமே பொதுவுல நிக்கிறவ.

அதனாலதான் என்னைப் பிடிச்சாங்க. "இந்திராணி மேடம் எந்தப் பக்கமும் சாயாதவங்க, அவங்களே சோதனை பண்ணட்டும்"னு குலசேகரன் சார் சொல்லிட்டாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஒரே தட்டுல முளைச்ச ரெண்டு கத்தரி நாத்து. ஒரே மண்ணு, ஒரே அளவு தண்ணி, ஒரே வெயில். ஒண்ணைத் தினம் பத்து நிமிஷம் புகழணும், ஒண்ணைப் பத்து நிமிஷம் திட்டணும். சார் முப்பது நாள் போதும்னாரு. அம்சவேணி மேடம் ஒரு மண்டலம் வேணும்னாங்க. அதுக்கு ஒரு சண்டை. சரி, நாற்பத்தெட்டு. அப்புறம் சார் ஒண்ணு சேர்த்தாரு: "திட்டினேன்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டேன். தினம் ரெண்டையும் ரெக்கார்டு பண்ணி வாய்ஸ் மெசேஜா குரூப்புல போடணும்." விஞ்ஞானம்னா அப்படித்தானாம். நானும் சரின்னுட்டேன்.

முத நாள் எனக்குத் திட்டவே வரல. சிரிப்பா வருது. "ஏய் கத்தரி, நீ அவ்வளவா நல்லா இல்லை"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சார் கீழ எழுதுறாரு, "இது திட்டு இல்லை மேடம், அபிப்பிராயம். இதை வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது." ரோஷமாயிடுச்சு. நாலாவது நாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன், வாயைத் தொறந்தேன். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலம்மா, பத்து நிமிஷம் பத்தல.

என்ன திட்டினேனா? செடியைத் திட்டுற மாதிரிதான். "வந்ததுலேருந்து பாக்குறேன், மூஞ்சியில ஒரு சிரிப்பு உண்டா? நான் எதைச் செஞ்சாலும் அதுல ஒரு நொட்டை. என் சாம்பார்ல புளி தூக்கலா இருக்கா? இருந்தா சாப்பிடாத. நாலு பேர் முன்னால, 'எங்கம்மா வைக்கிற மாதிரி வராது'ன்னு எதுக்குச் சொல்ற?" இப்படி. ஏன் சிரிக்கிறீங்க? கத்தரிக்காயை சாம்பார்லதானேம்மா போடுறோம். அதனால சாம்பார் பேச்சு வந்துச்சு.

குரூப்புல என்ன வரவேற்புங்கிறீங்க! காலையில எட்டு மணிக்குப் போடலேன்னா, "இன்னிக்கு வசை எங்கே?"ன்னு கேட்டு எழுதுவாங்க. சமைச்சுக்கிட்டே கேக்குறோம்னாங்க. ஒரு அம்மா, "பதினாறாம் நாளை எங்க வீட்டுல சத்தமா போட்டேன், மாமியார் எழுந்து ரூமுக்குப் போயிட்டாங்க"ன்னு நன்றி சொல்லியிருந்தாங்க. எதுக்கு நன்றின்னு எனக்குப் புரியல. சோதனையில ஆர்வம் போலிருக்குன்னு விட்டுட்டேன்.

கஷ்டம் புகழ்றதுலதான். அதைச் சொல்லணும். ரெண்டு நாள்ல சரக்கு தீர்ந்துபோச்சு. அழகா இருக்க, சமத்து, ராசாத்தி. அப்புறம்? பத்து நிமிஷம் ஒருத்தரைப் புகழ வார்த்தைக்கு எங்கே போறது? நம்மள யாராவது பத்து நிமிஷம் புகழ்ந்திருந்தாத்தானே நமக்கு வரும். நின்னுக்கிட்டே, போன்ல நேரத்தைப் பார்த்துக்கிட்டே, நல்லா இருக்க, நல்லா இருக்கன்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சுட்டு வந்துடுவேன். அந்த வாய்ஸ் மெசேஜை ஒருத்தர்கூட முழுசாக் கேக்கல.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதுக்காகத்தான் இந்தப் பயணமே. எங்க நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா, தஞ்சாவூர்ல இருக்காங்க. தையல்நாயகின்னு பேரு. அண்ணின்னுதான் கூப்பிடுவேன். நல்லவங்கதான், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கறாரு. சிரிக்க மாட்டாங்க. சாப்பாட்டுல ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதெல்லாம் யார் வீட்டுல இல்ல? அவங்களும் அந்தக் குரூப்புல இருந்தாங்க. நான்தான் சேர்த்துவிட்டேன், அவரைக்காய் விதை வேணும்னு கேட்டாங்க. ஒரு வார்த்தை எழுத மாட்டாங்க, யாராவது பூ போட்டோ போட்டா ஒரு கட்டை விரல் மட்டும் காட்டுவாங்க.

இருபத்தெட்டாம் நாள் காலையில போனைப் பாக்குறேன், 'தையல்நாயகி வெளியேறினார்'னு ஒரு வரி. போன்ல இடம் இல்லாம போயிருக்கும்னு நினைச்சேன். நாங்க போடுற போட்டோவுக்கு யார் போனும் தாங்காது. என் வீட்டுக்காரரும் அன்னிலேருந்து காலைக் காபியைக் கீழேயே குடிக்க ஆரம்பிச்சாரு. எப்பவும் மாடியில என் பக்கத்துல நின்னுதான் குடிப்பாரு. வெயில் ஏறிடுச்சு, அதான்னு விட்டுட்டேன். அவர் வாயைத் தொறந்து சொல்லுற ரகம் கிடையாது. நானும் பாக்கி இருபது நாளையும் விடாம முடிச்சேன். எடுத்த காரியத்தைப் பாதியில விடக்கூடாதில்ல?

முடிவு என்ன தெரியுமா? புகழ்ந்த செடி சவலைப் பிள்ளையா நின்னுச்சு. மாவுப்பூச்சி, இலைச்சுருட்டு, மூணே காய். திட்டு வாங்கினதுதான் இதோ, உங்க முகத்துல இடிக்குதே, இது. குரூப்பு ஒரு ஆட்டம் ஆடிப்போச்சு. சரி, சண்டை முடியும்னு பார்த்தா, அம்சவேணி மேடம், "திட்டினதுல திருஷ்டி கழிஞ்சுடுச்சு, செடி செழிச்சுது, அப்ப செடிக்குக் காது கேக்குது"ங்கிறாங்க. சார், "வீடியோவுல வந்ததுக்கு நேர்மாறா நடந்திருக்கு, அப்ப காது கேக்கல"ங்கிறாரு. ஒரே கத்தரிச்செடி, ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டாங்க. முன்னைவிட ரெண்டு மடங்கு சண்டை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒண்ணு சொன்னாரு. "நீ திட்டுறப்போ அதுகிட்டயே உக்காந்து, பேசிக்கிட்டே ஒரு இலை விடாம புரட்டிப் பூச்சி எடுக்குற. புகழ்றப்போ நின்னுக்கிட்டுப் போனைப் பாக்குற. அவ்வளவுதான் விஷயம்." அவருக்கு என்ன தெரியும்? குரூப்புலயே இல்லாத மனுஷன்.

அது முடிஞ்சு மூணு வாரம். அண்ணி மக சௌந்தர்யாவுக்குத் தை மாசம் கல்யாணம். சோதனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிச்சயமாயிடுச்சு, நானே போய் மோதிரம் பார்த்துக் குடுத்தேன். பத்திரிகை அடிச்சுட்டாங்கன்னு காதுல விழுந்துச்சு. தாய்மாமனுக்கில்லையா முதப் பத்திரிகை? தட்டுல வெத்தலை பாக்கு, பூ, பழம் வெச்சு, புருஷனும் பொண்டாட்டியுமா வந்து நின்னு, "வந்து நடத்திக் குடுக்கணும்"னு கூப்பிடணும். நான் வீட்டைக் கழுவி, புதுசா விரிப்பெல்லாம் போட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் போன் டிங்குன்னுச்சு. பத்திரிகை வந்துடுச்சு. போன்ல. கூட ஒரு எழுத்து இல்ல, ஒரு கும்பிடு பொம்மைகூட இல்ல.

தாய்மாமனுக்குப் பத்திரிகை போன்ல வந்துச்சும்மா.

அவர் போனைக் கையில எடுத்தாரு. ரெண்டு விரலால பெருசாக்கி, பெருசாக்கிப் படிச்சாரு. அவரோட பேர் எங்கே வருதுன்னு தேடினாருன்னு நினைக்கிறேன். சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போனாரு. அரை மணி கழிச்சு வந்தாரு, கையில கலர் பிரிண்டு. தெருமுனை ஜெராக்ஸ் கடையில எடுத்திருக்காரு. சமையல்கட்டுக்கு வந்து மஞ்சளைக் குழைச்சு, அவரே நாலு மூலையிலயும் தடவி, சாமி அலமாரியில வெச்சாரு. கும்பிட்டாரு. அன்னிக்கு சாப்பிடல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட ஒரு சண்டை போட்டதில்ல, அன்னிக்கும் போடல. போட்டிருக்கலாம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அண்ணி ஏதோ தப்பா எடுத்துக்கிட்டாங்கன்னு. அவங்க என்னமோ நான் அவங்களைச் சொன்னதா நினைச்சுக்கிட்டாங்க. போன் பண்ணினேன், எடுக்கல. சரி, நேர்லயே போய் விளக்கிடலாம்னு குரூப்புல யோசனை கேட்டேன். எழுபது பேர் எழுதினாங்க. செடியையே எடுத்துட்டுப் போங்க, கண்ணால பார்த்தா நம்புவாங்கன்னு சொன்னது அம்சவேணி மேடம். கூட ஒரு பொட்டலம் விபூதியும் குடுத்து அனுப்பினாங்க. குலசேகரன் சார் ஒரு கடிதமே டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. பையில இருக்கு, இருங்க, படிக்கிறேன். "மேற்படி வசைகள் யாவும் அறிவியல் சோதனையின் பொருட்டு, கத்தரிச்செடி ஒன்றை நோக்கி மட்டுமே கூறப்பட்டவை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்." எப்படி இருக்கு? முத்திரை மட்டும்தான் குத்தல.

வல்லம் தாண்டிட்டோமா? இன்னும் கால் மணி நேரம்தான். அதனால நான் என்ன பண்ணப்போறேன்னா, வாசல்ல செடியை வைப்பேன், கடிதத்தைக் குடுப்பேன். "பாருங்க அண்ணி, இதைத்தான் திட்டினேன். உங்களை ஒரு வார்த்தை சொல்லல"ன்னு சொல்லுவேன். அவங்க மனசு இறங்கி, என் வீட்டுக்காரர் தாய்மாமனா வந்து நின்னு மாலை எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். நீங்க படிச்சவங்களா தெரியுறீங்க, சொல்லுங்க. பொதுவுல இருக்கிறவங்க கேட்டா அது செடியைத் திட்டின மாதிரிதானே இருக்கும்?

கேட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவீங்களா? அதுவும் சரிதான். நானே கேட்டதில்ல. என் குரலைக் கேக்க எனக்கே சகிக்காது, யாரோ மூக்கடைச்சவங்க பேசுற மாதிரி இருக்கும். அனுப்பிட்டு மூடிடுவேன். எதைப் போடட்டும்? இருபத்தேழாம் நாளைப் போடுறேன், அதுக்குத்தான் ரொம்பப் பேர் கைதட்டினாங்க. காதுகிட்ட வெச்சுக்குங்க. இருங்க, நானும் சாஞ்சுக்குறேன்.

"…பெருசா சொல்ல வந்துட்ட. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன், பதினொரு நாள் கூட இருந்தேன்னு இருபத்தாறு வருஷமா என் தலையில உக்காந்திருக்க. நான் கூப்பிட்டேனா உன்னை? நீயாத்தானே வந்த? நீயாத்தானே வராந்தாவுல துண்டை விரிச்சுப் படுத்த? நீயாத்தானே பிள்ளையை மார்ல போட்டுக்கிட்டு…"

நிறுத்துங்க. நிறுத்துங்கம்மா, எங்கே அமுக்கணும், இதுவா? போதும்.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? தெரியுது. கத்தரிச்செடி எங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுன்னு கேக்குறீங்க. கேக்கலேன்னாலும் கேக்குறீங்க.

என் பொண்ணு பொறந்தப்போ எனக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்துடுச்சு. மூணு நாள் நினைவே இல்ல. எனக்கு அம்மா கிடையாது. அண்ணிக்கு அப்ப சௌந்தர்யா பொறக்கல, சொந்தப் பிள்ளையைக் கையில தூக்கினதில்ல. பஸ் ஏறி வந்துட்டாங்க. பதினொரு நாள். நான் கண்ணைத் தொறந்தப்போ அவங்க மேலதான் குழந்தை தூங்குது. "ஒண்ணும் ஆகல, நான் இருக்கேன், நீ தூங்கு"ன்னாங்க. அவ்வளவுதான் பேசினது.

அப்புறம் அதைப் பத்தி அவங்க பேசினதே இல்லம்மா. ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டினதில்ல. இருபத்தாறு வருஷமா, இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு நான்தான் பயந்துக்கிட்டே இருந்தேன். சொல்லவே மாட்டேங்கிறாங்களேன்னு எனக்குக் கோவம். சாம்பார்ல புளின்னு சொன்னாக்கூட அதான் எனக்குக் கேக்கும். அதைப் போய் இருநூத்திப் பதினாலு பேருக்கு அனுப்பியிருக்கேன். அவர் பக்கத்துல காபியோட நின்னிருக்காரு.

புது பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சா? எழுந்திரிக்கிறேன், கொஞ்சம் வாளியைப் பிடிங்க. ஆமா, பிடிச்சுட்டேன், விட்டுடுங்க.

இல்லம்மா, செடியைத்தான் திட்டினேன்னு இனிமே சொல்ல முடியாது. உங்களைத்தான் அண்ணி திட்டினேன்னு சொல்லிடப்போறேன். வாசப்படியில நிக்கிறப்பவே சொல்லிடணும். உள்ளே வா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டாங்கன்னா, அப்புறம் எனக்குச் சொல்ல வராது.